நிதானமான வண்டி

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சூளகிரி டீக்கடையில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. முப்பதடி நீளம், நெஞ்சு உயரம், வெள்ளைப் பூச்சு, நடுவில் ஒரே அச்சு, அதில் இரண்டு சக்கரம். ஒருவர் ஐஸ்கிரீம் என்றார். இன்னொருவர் காற்றாலை இறக்கை என்றார். உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தவர் அவர்தான். ஒரு பெரியவர் என்னைத் தள்ளிக் கூட்டிப்போய், "யாராச்சும் தவறிட்டாங்களா தம்பி?" என்று காதோரம் கேட்டார். கூடவே வந்தவர், "முப்பதடிக்கு எந்த ஊர்லய்யா ஆளு இருக்கறான்?" என்று அவரை அடக்கினார்.

கிளைடர் என்று பதில் சொன்னால் அதிலிருந்து இன்னும் நான்கு கேள்வி வரும். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. "மேடம் சாமானுங்க" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிடுவேன்.

கிளைடர் என்பது இஞ்சின் இல்லாத விமானம். ஓடுதளத்தின் ஒரு முனையில் இருந்து கம்பி வடத்தால் இழுத்து மேலே ஏற்றுவார்கள். வடத்தைக் கழற்றிவிட்ட பிறகு காற்றைப் பிடித்துப் பிடித்து மிதந்து, தானாக இறங்கும். ஓட்டுகிறவர் எங்கள் மேடம். பெங்களூரில் விமான வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கன்னடக்காரர், வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கணவர் இருந்தபோது வாங்கிய மாந்தோப்பு கிருஷ்ணகிரியில் இருந்து காவேரிப்பட்டணம் போகும் வழியில் இருக்கிறது. அங்கேதான் வீடு, வீட்டுக்குப் பின்னால் ஷெட், ஷெட்டுக்குள் அந்தப் பெட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசூர் தாண்டி, கெலமங்கலம் பக்கம் இருக்கும் ஓடுதளத்துக்கு இழுத்துப் போவோம். அங்கே நிறுத்தி வைக்க இடம் கிடையாது. வெயிலிலும் பனியிலும் போட்டு வைக்கிற பொருளும் இல்லை அது. அதனால் போனதும் இறக்கைகளை மாட்டுவோம், அவர் பறப்பார், பிறகு கழற்றிப் பெட்டிக்குள் படுக்க வைத்துத் திரும்பி வருவோம்.

நான் முன்பு ஓசூருக்கும் போச்சம்பள்ளிக்கும் இடையில் கம்பெனிச் சரக்கு லாரி ஓட்டினேன். முதுகு ஒத்துழைக்காததால் விட்டுவிட்டு மேடத்திடம் டிரைவராக வந்தேன். ஆறு வருடம் ஆகிறது.

இழுப்பதற்கு அப்போது இருந்தது மேடத்தின் பழைய வண்டி. உயரமானது, நீளம் குறைவு. டவுனுக்குள் திருப்ப வசதி. ஒரு ஞாயிறு மாலை ஓசூரில் இருந்து திரும்பும்போது மேலுமலை இறக்கத்தில் கன்டெய்னர் லாரி ஒன்று வலப்பக்கமாக எங்களைத் தாண்டியது. தாண்டும்போது அது தள்ளுகிற காற்று பெட்டியில் மோதியது. யாரோ பின்னால் வாலைப் பிடித்து ஆட்டுகிற மாதிரி இருந்தது. பெட்டி இடது பக்கம் ஒதுங்கியது, வலது பக்கம் வந்தது, திரும்ப இடது பக்கம் இன்னும் அதிகமாகப் போனது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எங்கள் வண்டியின் பின்பாகமும் கூடவே ஆடியது. நான் ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தேன். பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, "ஆடி முடி, ஆடி முடி" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்தாறு ஆட்டத்துக்குப் பிறகு அடங்கியது.

மேடம் கதவுக்கு மேலே இருக்கும் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ஆகாயத்தில் அவருக்குப் பயம் இருந்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகுதான் பேசினார்.

"இன்னொரு தடவை இப்படி ஆனா நான் கிளைடரைக் கொடுத்துடறேன். கோயம்புத்தூர்ல ஒருத்தர் ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கார்."

நான் குனிந்து பெட்டியின் கொக்கியைக் கழற்றினேன்.

"ரோடு விஷயம் உங்களுக்குத்தான் தெரியும். எந்த வண்டி சரியா இருக்கும்னு நீங்களே பாருங்க. ஒரு மாசம் பார்க்கலாம்."

அந்தக் கிளைடர் இல்லாமல் அவரை எனக்கு நினைத்துப் பார்க்க முடியவில்லை. திங்கள் முதல் சனி வரை தோப்பில் காய் எண்ணிக்கொண்டு சாதாரணமாக இருப்பார். ஞாயிறு காலை இறக்கையை மாட்டும்போது வேறு ஆளாகிவிடுவார். அது என் கையில் வந்து நின்றதில் எனக்குப் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது.

பெட்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். நான் படித்தது ஐந்தாவது வரை, அதுவும் தமிழ். ஆனால் படங்கள் நன்றாக இருந்தன. ஒரு படத்தில் வண்டியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே நீளக் கோடு, பின் சக்கரத்தில் இருந்து பெட்டியை மாட்டும் கொக்கிவரை குட்டிக் கோடு, கீழே ஒரு டிக். அடுத்த படத்தில் நடுக்கோடு குட்டை, பின்கோடு நீளம், மேலே பெருக்கல் குறி. யோசித்தால் எளிதான விஷயம்தான். நீளமான மண்வெட்டிக் காம்பை நுனியில் பிடித்து ஒருவன் ஆட்டினால் பிடித்திருப்பவன் ஆடிப்போவான். பின்சக்கரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதுதான் அந்தக் காம்பு. அது குட்டையாக இருக்க வேண்டும். வண்டி, பெட்டியைவிட நல்ல கனமாக இருக்க வேண்டும். பின் ஸ்பிரிங் இறுக்கமாக இருக்க வேண்டும்.

ஒரு நைலான் கயிற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். எந்த வண்டி நின்றாலும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கயிறு பிடித்து இரண்டு முடிச்சுப் போட்டுப் பார்ப்பேன். கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்தில் ஒரு வண்டியை அப்படி அளந்துகொண்டிருந்தபோது அதன் சொந்தக்காரர் வந்து, "யோவ், என்ன, வண்டிக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

அந்த வாரம் மேடத்தின் மகன் பெங்களூரில் இருந்து வந்தார். தன் வண்டியைத் தந்துவிடுவதாகவும் தான் வேறு வாங்கப் போவதாகவும் சொன்னார். வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத வண்டி, உள்ளே உட்கார்ந்தால் கல்யாண மண்டபம் மாதிரி குளுகுளுவென்று இருக்கும். அம்மா இனிமேல் பறப்பதை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம் என்றாலும், நிறுத்தும்வரை நல்ல வண்டியிலாவது போகட்டும் என்று நினைத்தார். அவர் சாப்பிட உள்ளே போனபோது கயிறு பிடித்துப் பார்த்தேன். நடு குட்டை, பின் நீட்டம். உயரம் வேறு. பழைய வண்டிக்குப் புதுச் சட்டை போட்ட மாதிரிதான். "எப்படி?" என்று அவர் கேட்டபோது, "நல்ல வண்டிங்க" என்றேன். அது பொய் இல்லை.

அவர் போன பிறகு மேடத்திடம் போய் நின்றேன். பேசவேண்டியதை மனத்துக்குள் சுருக்கிச் சுருக்கி வைத்திருந்தேன்.

"மேடம், சின்னவர் வண்டி நமக்கு ஒத்து வராதுங்க. நமக்கு நிதானமான வண்டி வேணுங்க."

அவர் முகம் மாறியது. "நிதானமாவா?"

"ஆமாங்க. உங்களுக்கு அதாங்க நல்லது."

"ஹௌதா" என்றார். அப்படியா என்பதற்குக் கன்னடத்தில் சொல்கிற வார்த்தை. ஆனால் அவர் அப்படி வறண்டுபோய்ச் சொல்லி நான் கேட்டதில்லை. உள்ளே போய்விட்டார்.

நான்கு நாள் ஷெட்டுப் பக்கமே வரவில்லை. ஐந்தாம் நாள் வராந்தாவில் நின்றபடி, "கோயம்புத்தூர்க்காரர் வர்ற ஞாயித்துக்கிழமை ஓடுதளத்துக்கு வர்றார். பார்த்துட்டுப் போகட்டும்" என்றார். ஒரு மாதம் என்றது இரண்டு வாரமாகச் சுருங்கிவிட்டது. மகன் வண்டியை வேண்டாம் என்று சொன்னதில் கோபம் என்று நினைத்தேன். போய்க் கேட்கத் தைரியம் வரவில்லை.

என் மனைவியின் தம்பி ஓசூர் பாகலூர் ரோட்டில் பழைய வண்டி வாங்கி விற்கிறான். அவனிடம் ஏதாவது இருக்குமா என்று பார்க்கப் போனேன். என்னைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

"வா மாமா. அந்தம்மாகிட்ட இன்னா சொல்லி வெச்ச நீ?"

"ஏன்டா?"

"எனக்குப் போன் பண்ணாங்க. கன்னடத்துல. உங்க மாமா எனக்கு நிதானமான வண்டி வேணுங்கறாரு, அப்படி ஒண்ணு வெச்சிருக்கிறியான்னு கேட்டாங்க. நான் இன்னா பண்ணுவேன்? ஸ்கூல் வேன் ஒண்ணு நிக்குதுங்க, ஸ்பீடைப் பூட்டி வெச்சிருக்குது, மிதிச்சாலும் நாப்பதுக்கு மேல போவாது, வயசானவங்களுக்கு ரொம்பப் பாதுகாப்புன்னு சொன்னேன். டப்புனு போனை வெச்சுட்டாங்க."

நான் அங்கிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

கன்னடத்தில் நிதானம் என்றால் மெதுவாக. தெலுங்கிலும் ஏறக்குறைய அதுதான். அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகாவுக்குள் போனால் பஸ்ஸில் இறங்குகிறவர்களைப் பார்த்துக் கண்டக்டர் "நிதானா, நிதானா" என்று சொல்வதை நான் எத்தனை வருடமாகக் கேட்டிருக்கிறேன். கன்னடம் பேசும்போது எனக்கு அது தெரியும். தமிழ் பேசும்போது ஞாபகத்துக்கு வராது. எங்கள் பக்கத்தில் மூன்று பாஷையும் ஒரே தெருவில் புழங்குவதால் எது எந்த வீட்டுச் சொல் என்று யாரும் பார்ப்பதில்லை. நான் ஆடாத வண்டி என்று சொன்னேன். அவர் மெதுவான வண்டி என்று கேட்டார். போதாததற்கு, உங்களுக்கு அதுதான் நல்லது என்று வேறு சொல்லியிருக்கிறேன். போதும் அம்மா, வயதாகிவிட்டது என்று மகன் சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில், டிரைவரும் அதையே சொல்கிறான் என்று நினைத்திருக்கிறார்.

"உனக்குக் கன்னடம் தெரியாதா மாமா?" என்றான் மச்சான்.

"தெரியும்டா."

"தெரிஞ்சே சொன்னியா?"

"நீதான்டா வயசானவங்கன்னு வேற சொல்லி வெச்சிருக்க!"

மறுநாள் காலை பைக்கில் தோப்புக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மேடம் வராந்தாவில் காபி குடித்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றாமலே படிக்குக் கீழே நின்று சொன்னேன்.

"மேடம், நான் சொன்னது கன்னட நிதானம் இல்லைங்க. தமிழ் நிதானம்."

டம்ளர் பாதியில் நின்றது. "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"குடிச்சிட்டு ரோட்டுல ஒருத்தன் வர்றான்னு வைங்க. மெதுவாத்தான் வருவான். ஆனா அவனை நாங்க நிதானத்துல இல்லேன்னுதாங்க சொல்லுவோம். ஆடாம, நேரா, கட்டுப்பாட்டோட வர்றவன்தான் நிதானம். அவன் ஓடி வந்தாலும் நிதானம்தாங்க. நீங்க பறக்கறது எல்லாம் அந்த நிதானம்தாங்க."

அவரிடம் ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அவர் சிரித்தார், காபி புடவையில் சிந்துகிற அளவுக்கு.

"அப்போ அன்னிக்கு மேலுமலையில என் வண்டி குடிச்சிருந்துச்சா?"

"ஆமாங்க." அப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "ஊத்திக் கொடுத்ததுல எனக்கும் பங்கு இருக்குதுங்க."

அதை நான் இரண்டு நாள் முன்புதான் கண்டுபிடித்திருந்தேன். புத்தகத்தில் இன்னொரு படம் இருந்தது. பெட்டியின் கொக்கி முனைக்குக் கீழே ஒரு தராசு. எங்கள் ஷெட்டில் மாம்பழம் நிறுக்கிற தராசு இருக்கிறது. அதன் மேல் ஒரு கட்டையை வைத்துக் கொக்கி முனையை இறக்கினேன். முள் அசைந்த மாதிரியே தெரியவில்லை. அரைப் பெட்டி மாங்காய் எடைகூடக் கொக்கியில் இறங்கவில்லை. காரணம் நான்தான். பெட்டியின் கதவு பின்பக்கம். எடுக்க வசதி என்று தண்ணீர் கேன், டூல் பெட்டி, கிளைடரைத் தரையில் கட்டிப்போடும் இரும்பு முளைகள் எல்லாவற்றையும் கதவோரமாகவே வைத்துவந்திருக்கிறேன். பின்பாரம் ஆகிவிட்டது. முன்னால் தூக்கிக்கொண்டு பின்னால் அழுத்தும் பெட்டி சின்னக் காற்றுக்கும் ஆடத்தான் செய்யும். லாரியில் பத்து டன் ஏற்றும்போது ஒரு தண்ணீர் கேனை யார் கணக்கில் எடுப்பார்கள்? அந்தப் பழக்கம்.

மேடத்தை ஷெட்டுக்குக் கூட்டிப்போய் அவர் கண் முன்னால் நிறுத்துக் காட்டினேன். கேன்களையும் முளைகளையும் அச்சுக்கு முன்னால் நகர்த்திக் கட்டிவிட்டு மறுபடியும் நிறுத்தேன். முள் அறுபது கிலோவைத் தொட்டது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஹோக்லி பிடி" என்றார். போகட்டும் விடுங்கள் என்று அர்த்தம். "இதைப் பார்க்க வேண்டியது நான். எனக்கு மேலே போற வண்டியில எடை எங்க இருக்கணும்னு தெரியும். கீழே போறதுல யோசிக்கவே இல்ல." பிறகு கேட்டார்: "இது மட்டும் போதுமா? வண்டி மாத்த வேண்டாமா?"

"மாத்தணுங்க. இது பாதிதாங்க."

மச்சான் மூன்று வண்டி காட்டினான். முதலில் அந்த ஸ்கூல் வேனின் மஞ்சள் முகத்தைக் காட்டிச் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போனான். அது ஒரு பிக்கப். பின்னால் காலியாக இருக்கும்போது சின்னப் பள்ளத்துக்கும் துள்ளியது. மூன்றாவது, கிரானைட் குவாரிக்கு ஆட்களை ஏற்றிப்போய்க்கொண்டிருந்த பழைய நீள வண்டி. ஒன்பது பேர் உட்காரலாம். கதவு இடுக்கெல்லாம் வெள்ளைத் தூள். கதவைச் சாத்தினால் பீரோ சாத்துகிற சத்தம். சேஸிஸ் கனமானது. கயிறு பிடித்தேன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் கயிறு போதவில்லை. பின் சக்கரத்தில் இருந்து கொக்கி வரும் இடம்வரை என் முழங்கை அளவுக்குக் கொஞ்சம் கூட. டயர் நான்கையும் மாற்ற வேண்டியிருந்தது.

"அதைப் போய் எடுக்கறியே மாமா. அதுல ஏசி போட்டா இஞ்சின் இருமும்."

"இருமட்டும். ஆடக் கூடாது."

முதலில் கிளைடரை ஏற்றவில்லை. இறக்கையின் அடிப்பாகம் வரும் இடம், உடல் வரும் இடம் பார்த்து மணல் மூட்டைகளை அடுக்கி அதே எடைக்குக் கொண்டுவந்தேன். மச்சானைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ராயக்கோட்டை ரோட்டில் போய் வந்தேன். லேன் மாற்றிப் பார்த்தேன், பள்ளத்தில் இறக்கிப் பார்த்தேன், லாரியைத் தாண்டவிட்டுப் பார்த்தேன். பாதி வழியில் மச்சான் திரும்பிப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"பின்னாடி வருதா, எங்கியாச்சும் கழண்டுக்கினு போயிருச்சா?"

"வருது."

"சத்தமே இல்லியே மாமா."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோயம்புத்தூர்க்காரர் எங்களுக்கு முன்னாலேயே ஓடுதளத்தில் காத்திருந்தார். நல்ல மனிதர். இறக்கையைத் தொடுவதற்கு முன் கையைக் கர்ச்சீப்பில் துடைத்துக்கொண்டார். அவர் முரடராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மேடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் மேலே இருந்தார். அவர் இறங்கியதும், "எப்போ சொல்றீங்க?" என்று அந்த மனிதர் கேட்டார்.

"வீட்டுக்குப் போயிட்டுச் சொல்றேன்" என்றார் மேடம். என்னை ஒரு பார்வை பார்த்தார். வழியில் மேலுமலை இருக்கிறது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

கழற்றி அடுக்கினோம். கேன்களை முன்னால் கட்டினேன். கட்டியதை மறுபடி ஒருதரம் இழுத்துப் பார்த்தேன். நாலரைக்குக் கிளம்பினோம். சூளகிரியில் டீக்கு நிறுத்தட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். மேலே இருக்கும் பிடியை அப்போதே பிடித்துக்கொண்டார். நான் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் அறுபதிலேயே வைத்திருந்தேன். இறக்கம் ஆரம்பித்ததும் கியரைக் குறைத்தேன்.

பாதி இறக்கத்தில் கண்ணாடியில் கன்டெய்னர் லாரி தெரிந்தது. ஹாரன் அடித்துக்கொண்டு வலப்பக்கம் ஏறியது. நான் ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தேன். லாரியின் முகம் எங்களைத் தாண்டும்போது காற்று பெட்டியைத் தள்ளியது. ஸ்டீயரிங்கில் அது எனக்குத் தெரிந்தது, தோளில் யாரோ கை வைத்து எடுத்த மாதிரி. அவ்வளவுதான். அடுத்த ஆட்டம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கண்ணாடியில் பெட்டி கோடு போட்ட மாதிரி பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. லாரியின் பின்விளக்கு வளைவில் மறைந்தது.

சொல்லலாம் என்று இடது பக்கம் திரும்பினேன். மேடத்தின் கை பிடியில் இல்லை, மடியில் கிடந்தது. தலை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. தூங்கிக்கொண்டிருந்தார்.

எழுப்பவில்லை. அதற்குப் பிறகு இரண்டு லாரியும் ஒரு பஸ்ஸும் எங்களைத் தாண்டின. நான் மூச்சுக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டுக்கொண்டிருந்தேன்.

கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வரிசையில் நின்றபோது பக்கத்து பஸ்காரன் அடித்த ஹாரனில் விழித்துக்கொண்டார். சுற்றிப் பார்த்தார்.

"மேலுமலை வந்துடுச்சா?"

"தாண்டியாச்சுங்க."

"எப்போ?"

"நீங்க தூங்கும்போதுங்க. கன்டெய்னர்கூட ஒண்ணு தாண்டுச்சு."

ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டிப் பெட்டியைப் பார்த்தார். பின்னால் நின்ற கார்க்காரர் தன்னைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து வணக்கம் வைத்தார். மேடமும் வணக்கம் வைத்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். போனை எடுத்தார். கோயம்புத்தூர்க்காரரிடம் பேசியது முழுவதும் ஆங்கிலம். 'சாரி' என்பது மட்டும் இரண்டு தரம் என் காதில் விழுந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன், சிரித்துவிடக் கூடாதே என்று. அந்த மனிதர் பாவம்.

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் எழுப்பல?"

டோல்கேட் கம்பம் மேலே எழுந்தது. வண்டியை நகர்த்தினேன்.

"அடுத்த ஞாயிறு எழுப்புங்க" என்றார். "எனக்கு அந்த இறக்கத்தைப் பார்க்கணும்."

"சரிங்க" என்றேன்.